சியாசியின் அப்பா கடிக்கிறார்

எங்கள் ஊரில் ஒருத்திக்கு நாள் தள்ளிப்போனால் அது முதலில் எனக்குத் தெரியும். அப்புறம் அவளுக்குத் தெரியும், அவள் புருஷனுக்குத் தெரியும், கடைசியாகத்தான் ஆபத்து மதிப்பீட்டுக் குழுவுக்குத் தெரியும். ஆனால் அவள் எங்கே பிள்ளை பெறப்போகிறாள் என்பது மட்டும் குழுவுக்குத்தான் முதலில் தெரியும். வயிற்றுக்காரிக்குப் பிற்பாடு சொல்லி அனுப்புவார்கள்.

குழு தெற்கே நகரத்தில் இருக்கிறது. நாங்கள் வடக்கே விரிகுடாக் கரையில் இருக்கிறோம். நடுவில் விமானம் ஒன்றுதான். கர்ப்பிணி ஒவ்வொருத்திக்கும் குழு ஒரு நிறம் கொடுக்கும். பச்சை என்றால் ஊரிலேயே, எங்கள் மருத்துவச்சி அகினிசியின் கையில் பிரசவம். சிவப்பு என்றால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போய், நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் வலி வரும்வரை லாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தனியாக. மஞ்சள் என்றால் சிவப்பாவதற்காகக் காத்திருக்க வேண்டும்.

நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நகரத்துக்குப் போயே ஆக வேண்டியவர்கள் உண்டு. கடைக்காரி நெல்லி போன குளிரில் ரத்தப்போக்கோடு போனாள். விமானம் வந்திராவிட்டால் இன்றைக்கு என்னைப் பற்றிப் புறணி பேச அவள் இருந்திருக்க மாட்டாள். அவளுக்குக் குழு கொடுத்திருந்த நிறம் பச்சை.

ஆபத்து மதிப்பீடு என்பதற்கு எங்கள் இனுவிட் மொழியில் வார்த்தை இல்லை. நடக்காததை நினைத்து முறையாகக் கூட்டம் போட்டுப் பயப்படும் பழக்கம் எங்களுக்கு இருந்ததில்லை. அதனால் மொழிபெயர்ப்பாளர்கள் யோசித்து யோசித்து அந்தக் குழுவுக்குப் ‘பயப்படுகிறவர்கள்’ என்று பெயர் வைத்தார்கள். அரசாங்கக் கடிதத்திலும் அப்படித்தான் வரும்: ‘வருகிற செவ்வாய்க்கிழமை பயப்படுகிறவர்கள் உங்களைச் சந்திப்பார்கள்.’

பக்கத்து வீட்டுச் சியாசிக்கு இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளைக்கு அவளை நகரத்துக்கு அனுப்பினார்கள். அவள் அங்கே லாரி பார்த்துக்கொண்டிருந்தபோது இங்கே அவள் அப்பா தாமூசி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அவளால் வர முடியவில்லை. அடுத்த வாரம் பெண் பிறந்தது. அப்பாவின் பெயரை வைத்தாள். எங்களிடம், செத்தவர் பெயர் பிள்ளைக்கு வந்தால் ஆளும் வந்தார் என்றுதான் அர்த்தம். அப்பா சாகக் கிடந்தபோது பார்க்க முடியாத சியாசி, கோட்டின் முதுகுப் பையில் அப்பாவைச் சுமந்துகொண்டு விமானத்திலிருந்து இறங்கினாள். நான்தான் முதலில் போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, ‘வாங்கண்ணே’ என்றேன். தாமூசி எனக்கு அண்ணன் முறை.

ஆகவே இந்தக் கதை நடக்கும்போது சியாசியின் அப்பாவுக்கு மூன்று வயது. சிவப்புக் கம்பளிக் குல்லா போட்டிருப்பார். இரண்டு பக்கமும் சடை.

அந்த முதல் பிரசவத்தில் தொப்புள்கொடியை யார் அறுத்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. முகமூடி போட்ட யாரோ. எங்களுக்கு அது சின்ன விஷயமில்லை. கொடி அறுக்கிறவள் பிள்ளைக்கு ஆயுசுக்கும் சொந்தம். அதனால் இந்த முறை ஊரிலேயே பெறுவது, கொடியை நான் அறுப்பது என்று சியாசி வயிறு தெரியும் முன்பே முடிவு செய்திருந்தாள். எனக்கென்ன கசக்கிறதா? குழுவின் கூட்டத்துக்குத் துணைக்கு ஒருவர் வரலாம் என்று விதி இருந்ததால் நானே கூடப் போனேன்.

ஆஸ்பத்திரியின் சின்ன அறையில் திரை. திரையில் தலைவர் டாக்டர் லஷான்ஸ். அவர் மொழியில் அந்தப் பெயருக்கு அதிர்ஷ்டம் என்று பொருளாம். அதிர்ஷ்டத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பக்கத்தில் சமூக ஆபத்து அலுவலர் ஜோசியான் அம்மாள். மொழிபெயர்ப்பு, வேறு ஊரிலிருந்து தொலைபேசியில் லூக்காசி. அவனுக்கு எங்கள் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும்.

அகினிசி ரத்தம், அழுத்தம், பிள்ளையின் தலை இருக்கும் நிலை எல்லாவற்றையும் படித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அத்துடன் அவளுடைய ஒலிவாங்கியை மூடிவிட்டார்கள். மருத்துவப் பகுதி முடிந்ததாம்.

“மருத்துவ ரீதியா ஒரு ஆபத்தும் தெரியல,” என்றார் தலைவர். “அதுதான் எனக்குக் கவலையா இருக்கு. தெரிஞ்ச ஆபத்துன்னா நாம கவனிச்சுக்கலாம். தெரியாத ஆபத்து எவ்வளவுன்னு எப்படி அளக்கறது? ரொம்பப் பெரிசாக்கூட இருக்கலாம்.”

பிறகு சியாசியைக் கேள்வி கேட்டார்கள். ஊரிலேயே பெற விருப்பமா? சியாசி புருவத்தை உயர்த்தினாள். எங்களுக்கு அதுதான் ஆமாம். புகைப்பது உண்டா? மூக்கைச் சுளித்தாள். அதுதான் இல்லை. திரையின் கண் அவள் வயிற்றைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. வயிற்றுக்குப் புருவம் கிடையாது. ஒவ்வொரு கேள்விக்கும் லூக்காசி, “பதில் இல்லை” என்று மொழிபெயர்த்தான். மஞ்சள் கொடுத்தார்கள். காரணம்: பேச மறுத்தல்.

“வாயத் தொறந்து பேசுடி,” என்றாள் அகினிசி, வெளியே வந்ததும். “அவங்க கேட்டா தாராளமாச் சொல்லு. சிரிச்ச முகமா நாலு வார்த்த கூடவே சொல்லு.”

சியாசி நல்ல பெண். அடுத்த கூட்டத்தில் தாராளமாகச் சொன்னாள்.

“வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?” ஜோசியான் அம்மாள் கேட்டாள்.

“நானு, மார்க்கூசி, அப்பா.”

“மார்க்கூசி உங்க கணவர். அப்பா உங்களுக்கு உதவியா இருக்காரா?”

சியாசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாரு, அவரா? சூப்பக் கீழ கொட்டிட்டு அதுல கைய வெச்சு அடிப்பார். தொடைக்கறது நானு.”

“கோபம் வருமா?”

“பசிச்சா வரும். நேத்துகூட கடிச்சுட்டார்.” சட்டைக் கையை ஏற்றி, பல் பதிந்த இடத்தைத் திரைக்குக் காட்டினாள். “பல்லு நல்ல கூர்மை.”

திரையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜோசியான் அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “குடிக்கிறாரா?”

“போன மாசந்தான் நிறுத்தினேன். பெரும்பாடு. பாட்டில ஒளிச்சு வெச்சாலும் மோப்பம் பிடிச்சுப் போய் எடுத்துடறார். பிடுங்கினா தரையில விழுந்து ஒரே கத்தல்.”

“ராத்திரியில?”

“எழுந்து அழுவார். தூக்கிட்டு நடந்தாத்தான் அடங்குவார்.”

“யார் தூக்குவா?”

“நாந்தான்.”

“இந்த நிலைமையில நீங்க அவரைத் தூக்கறீங்க?”

“என்ன பண்றது, அப்பாவாச்சே.”

எனக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, அந்த அப்பா வந்து…” என்று ஆரம்பித்தேன்.

“துணைக்கு வந்தவர் துணையா மட்டும் இருக்கணும்,” என்றார் தலைவர்.

லூக்காசிக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். அவனே தன் மகனை மாமா என்று கூப்பிடுகிறவன். ஆனால் அவனுக்கு ஒரு விதி இருந்தது: சொன்னதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கக் கூடாது. முன்பு ஒரு கூட்டத்தில் ‘பனி பெய்கிறது’ என்று ஒருத்தி சொன்னதை ‘லேசாகப் பனி பெய்கிறது’ என்று மொழிபெயர்த்துவிட்டான். அந்த ‘லேசாக’வுக்காக அவனை விசாரித்தார்கள். அன்றிலிருந்து அவன் சுத்தமான குழாய் மாதிரி. இந்தப் பக்கம் ஊற்றினது அந்தப் பக்கம் வரும்.

அடுத்த விமானத்தில் ஜோசியான் அம்மாளே வந்து இறங்கினாள், அப்பாவை நேரில் பார்க்க. காதுக்குள் லூக்காசியின் குரல், கையில் கோப்பு, காலில் நகரத்துச் செருப்பு. மார்க்கூசி தன் பனிவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

“உங்க மாமனார் எங்கே?”

“பகல்ல காப்பகத்துல இருப்பார். சாயங்காலம் நான்தான் போய் அழைச்சுட்டு வருவேன். தனியா விட்டா ரோட்டுல ஓடிடுவார்.”

“அவ்வளவு மோசமா?”

“காலு ரெண்டும் நிக்காது. போன வாரம் நாய்ங்களோட நாயா படுத்துக் கெடந்தார்.”

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு நெல்லியின் கடைக்குப் போனாள். நெல்லி சொன்னாள்: “தாமூசியா? காலைல வந்தாரே. மிட்டாய் இல்லைன்னதும் கீழ விழுந்து புரண்டார். எல்லாரும் தாண்டித் தாண்டிப் போனோம்.” அங்கே மீன் வலை வாங்க வந்திருந்த பௌலூசியையும் அம்மாள் பிடித்துக்கொண்டாள். பௌலூசி ஊரின் பெரிய வேட்டைக்காரர், எதையும் நிதானமாகச் சொல்கிறவர்.

“தாமூசி என் கூட்டாளி,” என்றார். “மீசை முளைக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து ஒண்ணா வேட்டைக்குப் போறோம். போன வசந்தத்துலகூட அழைச்சுட்டுப் போனேன். கடல் ஐஸ்ல சீல் மூச்சு விட வர்ற துளைகிட்ட ஒக்கார வெச்சா, பாட்டுப் பாடறார். ஒரு சீலும் வரல.”

“கோபக்காரரா?”

“மின்ன ரொம்ப. ஒருதடவ என்னத் துடுப்பால அடிச்சார். இப்ப பரவால்ல. ஒரு மிட்டாய் குடுத்தா மடியில வந்து ஒக்காந்துக்குவார்.”

அவள் கேட்டதற்கெல்லாம் ஊர் உண்மையாகப் பதில் சொன்னது. கேட்காததைச் சொல்வது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. என்னிடம் அந்த மரியாதை கிடையாது என்பது ஊருக்கே தெரியும், ஆனால் என்னை அவள் கேட்கவில்லை. வாசலில் மறித்தேன். துணைக்கு வந்தவரின் வாக்குமூலம் செல்லாது என்று லூக்காசியின் குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசியில் ஜோசியான் அம்மாள் சியாசி வீட்டில் டீ குடித்தாள். அப்பா அவள் மடிமேல் ஏறி, கோப்பின் அட்டையில் பேனாவால் வட்டம் வட்டமாக வரைந்தார். ஜோசியான் அம்மாள் அவர் சடையைத் தடவி, “அழகான பொண்ணு” என்றாள். அப்புறம் எழுதினாள்: ‘தந்தை வீட்டில் காணப்படவில்லை. குடும்பத்தினர் மறைத்து வைத்திருக்கலாம்.’

நகரத்துக்குத் திரும்பிப்போய்ப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் அவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. தாமூசி இறந்துவிட்டிருந்தார், அதுவும் மூன்று வருஷத்துக்கு முன்பு. இறந்தவர் கடிக்கிறார் என்று கர்ப்பிணி சொல்கிறாள், காயத்தையும் காட்டுகிறாள். சிவப்பு கொடுத்தார்கள். பிரசவத்தோடு மனநலப் பரிசோதனையும் சேர்த்து. வியாழக்கிழமை விமானம்.

சியாசி அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். நான் ஊர்க்கதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன், நெல்லியைப் பற்றிக்கூடச் சொன்னேன். சிரிக்கவில்லை.

“போன தடவ நான் போனப்பதான் அப்பா போனார், மைனாக்கா,” என்றாள். “திரும்பவும் விட்டுட்டுப் போன்னா எப்படிப் போவேன்?”

புதன்கிழமை கடைசிக் கூட்டம். தண்ணீர்க் குழாய் உறைந்துபோய்க் காப்பகத்துக்கு விடுமுறை. அதனால் அப்பாவும் வந்திருந்தார், சியாசியின் மடியில், அவள் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு. மார்க்கூசி சுவரில் சாய்ந்து நின்றான். அகினிசி இந்த முறை ஒலிவாங்கிக்குக் காத்திருக்கவில்லை. திரைக்கு முன்னால் போய் நின்று, மடியில் இருக்கிறவர்தான் அப்பா, பெயர் வாங்கினவர், கடித்தது இந்தப் பல்தான், குடித்தது பால்தான் என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள்.

திரையில் இருவரும் மடியில் இருந்தவரை உற்றுப் பார்த்தார்கள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

“அப்படின்னா,” என்றாள் ஜோசியான் அம்மாள் மெதுவாக, “மூணு வயசுக் குழந்தைமேல ஒரு தகப்பனோட பொறுப்பைச் சுமத்தியிருக்காங்க. இது புது ஆபத்து.”

தலைவர் கையை உயர்த்தி அவளை அமர்த்தினார். அவருக்கு மனம் நெகிழ்ந்திருந்தது, முகத்தில் தெரிந்தது.

“ரொம்ப அழகான வழக்கம்,” என்றார். “இந்தக் குழு வழக்கங்களை மதிக்குது. மதிச்சு எழுதறதுக்குன்னே எங்ககிட்ட தனிப் பக்கம் இருக்கு. ஆனா பாருங்க, கோப்புல ஒரு தகப்பன் ஏறிட்டார். கடிக்கிறார், குடிக்கிறார், ஓடறார். ஏத்தினது நாங்க இல்ல, கர்ப்பிணி தன் வாயால சொன்னது. அவரை இறக்கணும்னா கர்ப்பிணிதான் தன் வாயால இறக்கணும்.”

“சாவுச் சான்றிதழ் உங்க கையிலதானே இருக்கு?” என்றாள் அகினிசி.

“அது சான்றிதழோட அபிப்பிராயம். எங்களுக்கு அம்மாவோட மனசு தெளிவா இருக்கான்னு தெரியணும். கஷ்டமா ஒண்ணும் கேக்கல. ரெண்டே வாக்கியம். ‘என் அப்பா இறந்துட்டார். வீட்ல இருக்கறது வெறும் ஒரு குழந்தை.’ சொன்னா இப்பவே பச்சை. நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல. சொல்லலைன்னா நாளைக்கு விமானம், அதுவும் உங்க விருப்பம்தான்.”

சியாசி மூக்கைச் சுளித்தாள்.

“பதில் இல்லை,” என்றான் லூக்காசி.

“சொல்லித் தொலச்சிடு சியாசி,” என்றான் மார்க்கூசி, தரையைப் பார்த்துக்கொண்டே. “அவங்களுக்காகத்தானே. நமக்குத் தெரியாதா?”

“இவர் கேட்டுட்டிருக்காரே.” அவள் என்னைப் பார்த்தாள். “மைனாக்கா, இவரைக் கொஞ்சம் வெளிய தூக்கிட்டுப் போங்க.”

நான் குனிந்து கை நீட்டினேன். “வாங்கண்ணே, மிட்டாய் வாங்கலாம்.” அவர் அவள் முடியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு கழுத்தில் முகத்தைப் புதைத்தார். விரலைப் பிரிக்கப் பார்த்தேன், வீறிட்டார்.

“துணைக்கு வந்தவர் உக்காரணும்,” என்றது திரை. “எங்களுக்கு அடுத்த ஊர் காத்துட்டிருக்கு.”

சியாசி அவர் காதைத் தன் உள்ளங்கையால் மூடினாள். ஒரு காதுக்குத்தான் கை எட்டியது. மெல்லச் சொன்னாள்.

“என் அப்பா இறந்துட்டார். வீட்டுல இருக்கறது வெறும் குழந்த.”

லூக்காசியின் பக்கத்திலிருந்து சத்தம் வரவில்லை.

“மொழிபெயர்ப்பாளர்?” என்றார் தலைவர். “இணைப்பு இருக்கா?”

“இருக்கு,” என்றான் லூக்காசி. பிறகு சொன்னான். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

பச்சை கொடுத்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரு சிறு உரை ஆற்றினார். இன்று ஒரு குடும்பம் ஆபத்திலிருந்து உண்மைக்கு வந்திருப்பதாகவும், கலந்துபேசினால் தீராதது எதுவும் இல்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம் என்றும், ஆண்டறிக்கையில் இதைச் சேர்க்கப்போவதாகவும் சொன்னார். ஜோசியான் அம்மாள் கைதட்டினாள். திரை அணைந்தது.

அப்பா கழுத்திலிருந்து முகத்தை எடுத்து, முடியை விட்டுவிட்டு, தானாகவே மடியிலிருந்து இறங்கினார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நடந்தே வந்தார். தூக்கு என்று கேட்கவில்லை.

பிரசவம் ஊரிலேயே நடந்தது. சிக்கல் ஏதுமில்லை. மதியம் ஆரம்பித்து டீ நேரத்துக்குள் முடிந்துவிட்டது. ஆண். கொடியை நான்தான் அறுத்தேன், கை நடுங்கவில்லை என்று அகினிசியே சொன்னாள். பையனுக்கு என் மாமனார் பெயரை வைத்தார்கள். இந்த வயதில் எனக்கு மறுபடி ஒரு மாமனார். இதுவரை என் சமையலைக் குறை சொல்லவில்லை. ஊர் முழுக்க வரிசையாக வந்து அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனது. எல்லாருக்கும் டீ, ரொட்டி, உறைந்த மீன்.

மூன்று வயதுக்காரி மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில், குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா, இங்க வாங்களேன்,” என்று சியாசி படுக்கையிலிருந்து கூப்பிட்டாள். “யார் வந்திருக்காங்க பாருங்க.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காது கேட்காதவள் போல இருந்தாள். சியாசி மறுபடி கூப்பிட்டாள். மார்க்கூசி, “மாமா” என்று கூப்பிட்டுப் பார்த்தான். நானும், “அண்ணே” என்றேன்.

அப்போதுதான் பௌலூசி உள்ளே வந்தார், பனி ஒட்டிய பூட்ஸோடு. அன்று காலையில் அடித்த சீலின் இறைச்சி, பையில் இன்னும் சூடாக இருந்தது. எந்த வேட்டையானாலும் கூட்டாளியின் பங்கு வீடு தேடி வந்துவிடும். புதுப் பிள்ளையின் கையைக் குலுக்கிவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டார்.

“கூட்டாளி, எழுந்திரு. உன் பங்கு கொண்டாந்திருக்கேன். இன்னிக்கு நீ வரல, அதான் சீல் வந்துச்சு.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பாடம் ஒப்பிப்பதைப் போல, தெளிவாகச் சொன்னாள்:

“தாமூசி இறந்துட்டார். நான் வெறும் கொழந்த.”

சியாசி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பௌலூசி கையிலிருந்த பையைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு தொப்பியைக் கழற்றினார். துக்க வீட்டில் விசாரிப்பதைப் போல, தணிந்த குரலில், அவளிடமே கேட்டார்:

“எப்ப? எனக்கு யாருமே சொல்லலியே.”